வீட்டில் பேசும் மொழி: ஜேர்மன்

கிருசாந்தி ரீச்சரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு கையில் பிளாஸ்ரிக் கோப்புறை, மறு கையில் வடையோ மோதகமோ போட்ட டப்பா. டப்பாவைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கோப்புறையைத் திறப்பார்கள். "எப்பன் இதைப் பாருங்கோ ரீச்சர்" என்று ஒரு கடிதமோ படிவமோ வெளியே வரும். வாடகை வீட்டுக்காரன் எழுதியது, வேலைத் திணைக்களம் எழுதியது, பிள்ளையின் பாடசாலை எழுதியது. டுசல்டோர்ஃப் என்ற இந்த ஜேர்மன் நகரத்தில் நம்மவர் வீட்டுக் கடிதங்களில் பாதியாவது அந்த மேசையைத் தொட்டுத்தான் போயிருக்கும்.

"நீங்கள் நிரப்புங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்" என்பதுதான் வழக்கம். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது, ரீச்சர் அதற்கு என்ன எழுதினாள் என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் ரீச்சரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கூச்சம். அவள் எழுதி முடிக்கும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்ப்புதினம் கதைப்பார்கள். பிறகு அவள் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்து.

"வாசல்ல நம்பர் துண்டு குடுக்கிற மெசின் ஒண்டு பூட்டவோ?" என்று அவளுடைய கணவன் மதீசன் கேட்பான். "எங்கட வீட்டில எனக்கே இருக்கக் கதிரை இல்லை."

"வடையைத் தின்னேக்க மட்டும் கதிரை கிடைக்குது என்ன?" என்பாள் கிருசாந்தி, தலையை நிமிர்த்தாமல்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. நகரத்தின் ஒரு ஓரத்தில் உள்ள ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் நான்காம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஆறு வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தவள். அகதிகள் விடுதியில் ஒரே அறை. தகப்பன் வேலை தேடி வெளியே போய்விட்டால் தாய்க்குக் கதைக்க வேறு ஆள் கிடையாது. அதனால் மகளோடு கதைத்தாள். பருப்பு அவிவதைப் பற்றி, பக்கத்து அறைச் சண்டையைப் பற்றி, யன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்துக்கு ஏன் இலை இல்லை என்பதைப் பற்றி. விடிந்ததிலிருந்து பிள்ளை நித்திரையாகும்வரை அந்த வாய் ஓயாது. அது ஒரு படிப்பு என்று தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

நான்காம் வகுப்பு முடிவில் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்து எந்தப் பாடசாலைக்குப் போவது என்று இந்த நாட்டில் பத்து வயதிலேயே பிரித்துவிடுவார்கள். கணக்கிலும் வாசிப்பிலும் அவள் நல்ல புள்ளிதான் எடுத்திருந்தாள். ஆனால், "வீட்டில் தமிழ் பேசப்படுவதால் உயர்கல்விப் பாதை பிள்ளைக்குச் சுமையாக இருக்கும்" என்று எழுதி, இருப்பதில் கீழான பாடசாலையைச் சிபாரிசு செய்திருந்தார்கள். தகப்பன் வாசித்தார், பாதி விளங்கியது. "ரீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்து வைத்தார். அங்கிருந்து ஏறி வர அவளுக்கு மற்றவர்களைவிட மூன்று வருடம் கூடப் பிடித்தது.

இதை அவள் யாருக்கும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பாடசாலைப் பதிவுப் படிவம் வந்தால் ஏழாவது கேள்வியில் அவளுடைய பேனா நிற்காது. வீட்டில் பேசும் மொழி? ஜேர்மன். பெரிய எழுத்தில், அச்சடித்த மாதிரி எழுதிவிடுவாள். அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்று இருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் அதை வாசிப்பார்கள், பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளை வாய் திறக்கும் முன்னமே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த ஒரு தாளிலாவது பிள்ளைக்கு நிறம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். இப்படி எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. அநேகமானவர்கள் நன்றாகப் படித்தார்கள். ஒருத்தி மருத்துவம் படிக்கிறாள்.

அப்படி எழுதப்பட்ட பிள்ளைகளில் ஒருத்திதான் வேணுஜா. இப்போது எட்டு வயது, கிருசாந்தியின் பாடசாலையிலேயே மூன்றாம் வகுப்பு. தகப்பன் ஐங்கரன் பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் விடியற்காலை வேலை. தாய் பாமாவுக்கு ஒரு கம்பனியின் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவி மரக்கறி வெட்டுகிற வேலை.

ஆங்கில வகுப்பில் வேணுஜா முன்வரிசையில் இருப்பாள். ஆங்கிலம் எல்லாருக்கும் புதிது. அங்கே எவருக்கும் முழு வசனம் வராது. அதனால் அவளும் மற்றவர்களோடு சமம். நிறங்களின் பெயர், மிருகங்களின் பெயர், பாட்டு எல்லாம் பிழையில்லாமல் வரும். மணி அடித்து ஜேர்மன் பாடத்துக்குப் போனால் பிள்ளை வேறு ஆள். "நேற்று என்ன செய்தாய்?" என்று வகுப்பாசிரியை கேட்டால், "வீடு" என்பாள். "வீட்டில் என்ன?" "சாப்பாடு." அதற்குமேல் வராது. எழுத்துக்கூட்டி வாசிப்பாள். வாசித்தது என்ன என்று கேட்டால் மேசையின் விளிம்பைப் பார்ப்பாள்.

இலையுதிர்காலத்தில் பாடசாலை அவளைச் சோதித்தது. விசேட கல்வி ஆசிரியை ஒருவர் வந்து மூன்று காலைகள் அவளோடு இருந்து படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். பதினாலு பக்க அறிக்கை வந்தது. மொழியில் கடுமையான குறைபாடு, ஆகவே கற்றலிலும் குறைபாடு, விசேட பாடசாலை பொருத்தம். கடைசி முடிவு பெற்றோருடையது. இதே பாடசாலையில் வாரத்துக்கு இரண்டு மணிநேர உதவியோடு இருக்கலாம், அல்லது விசேட பாடசாலைக்குப் போகலாம். மார்ச் முடிவதற்குள் படிவத்தில் ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

பெப்ரவரியில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி இருந்தது. நிறமும் இனமும், வாசிப்பு, சிறுவயது மொழி என்று தலைப்பு. கிருசாந்தியின் பாடசாலையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். மற்றவன் எமில், இருபத்தெட்டு வயது, நல்ல பெடியன், வாய் சும்மா இராது. மொத்தம் இருபத்திரண்டு பேர் இருந்த மண்டபத்தில் நிறமுள்ளவர்கள் கிருசாந்தியும் பயிற்சி நடத்த வந்த திருமதி மென்சாவும்தான். மென்சாவின் தகப்பன் கானாக்காரர். மென்சா பிறந்து வளர்ந்தது ஹம்பேர்க்கில்.

இனம் என்பதற்கு ஜேர்மனில் உள்ள, போர்க்காலக் கறை படிந்த பழைய சொல்லை இங்கே நல்ல மனிதர்கள் வாயில் எடுப்பதில்லை. அதனால் அன்று முழுவதும் அதை ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இரண்டு மூன்று தலைகள் கிருசாந்தியின் பக்கம் திரும்பின, சொன்னது சரிதானே என்று கேட்கிற மாதிரி. அவளும் தலையாட்டினாள். பதினொரு மணிக்குள் கழுத்து நோகத் தொடங்கிவிட்டது.

காலையில் ஆளுக்குப் பத்துப் படப்புத்தகம் கொண்டுவந்து பரப்பி, கதையின் நாயகர்கள் யார் யார் என்று எண்ணினார்கள். முயல், எலி, வெள்ளைப் பிள்ளை, மறுபடி முயல்.

"கரடியை எந்தப் பக்கம் சேர்ப்பது? அதுவும் பழுப்புத்தானே" என்றான் எமில்.

எல்லாரும் சிரித்தார்கள். மென்சாவும் சிரித்தார். "சேர்க்கலாம். ஆனால் கரடிக்கு யாரும் மொழிச் சோதனை வைப்பதில்லையே" என்றார்.

மத்தியானம் ஒவ்வொரு மேசையிலும் ஒரு உண்மையான பிள்ளையின் பதிவுகள் அடங்கிய கோவை. பெயரைக் கறுப்பு மையால் மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கிருசாந்தியிடம் வேணுஜாவின் கோவையைத் தலைமையாசிரியை திருமதி ஃபோக்ட் கொடுத்துவிட்டிருந்தார். அவளும் யோசிக்காமல் கொண்டுவந்துவிட்டாள். அறிக்கையின் முடிவை மட்டும்தான் அவள் வாசித்திருந்தாள். அதற்கு அடியில் பழைய பதிவுப் படிவத்தின் பிரதி இருந்தது தெரியாது.

எமில் அதை இழுத்து எடுத்தான். "வீட்டில் பேசும் மொழி, ஜேர்மன்" என்று வாசித்தான். பிறகு அறிக்கையைப் புரட்டி, "இதோ, இவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை ஜேர்மன் மட்டும் பேசி வளர்ந்திருப்பதால், பின்னடைவுக்கு இரண்டாம் மொழி காரணமாக இருக்க முடியாது. ஆகவே குறைபாடு. சரிதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

மென்சா பக்கத்தில் வந்து நின்றார். "இந்த முடிவை நம்புவதற்கு முன் என்ன கேட்பீர்கள்?"

"கையெழுத்தைப் பாருங்கள், அச்சு மாதிரி. படித்த வீடு" என்றான் எமில். "இவ்வளவு வடிவாக எழுதத் தெரிந்த பெற்றோருக்கு இந்தப் பிள்ளையா?"

கிருசாந்தி தன்னுடைய எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்று கேட்பேன்" என்றார் மென்சா. "இந்தப் பிள்ளையோடு யாராவது கதைத்தார்களா? எந்த மொழியில் என்பது பிறகு. தாய்க்குக் கோபம் வந்தால், சிரிப்பு வந்தால், எந்த மொழியில் வருமோ அந்த மொழியில் பிள்ளையோடு கதைத்தாரா? ஒரு மொழியாவது முழுசாகக் காதில் விழுந்த பிள்ளை அடுத்த மொழியைப் பிடித்துக்கொள்ளும். எந்த மொழியும் முழுசாக விழாத பிள்ளைக்கு, நாங்கள் சோதனையில் குறைபாடு என்று ஒரு பெயர் வைக்கிறோம்." பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்து, "இந்தக் குடும்பத்தை யாருக்காவது தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்" என்றாள் கிருசாந்தி.

"படிவத்தை நிரப்பியது யார்?" எமில் கேட்டான், சும்மா கேட்கிற மாதிரி.

"பெற்றோர்."

சொன்ன பிறகு கோப்பையை எடுத்துக் கோப்பி குடித்தாள். ஆறிப்போய் இருந்தது.

வீடு திரும்பும் ட்ராமில் அவளுக்கு ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. வேணுஜாவுக்கு அப்போது மூன்று வயது. கின்டர்கார்ட்டனில் ஒரு சந்திப்புக்கு மொழிபெயர்க்க வரச்சொல்லி பாமா கேட்டிருந்தாள். அங்கிருந்த பெண், "பிள்ளை இன்னும் கொஞ்சம் ஜேர்மன் கேட்டால் நல்லது" என்று மட்டும் சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவள் அதை மட்டும் சொல்லியிருக்கலாம். கிருசாந்தி தன் கணக்கில் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். "பாமா, இனி வீட்டில டொச் மட்டும், ஜேர்மன் மட்டும் கதையும். தமிழ் பேந்து பழகலாம். நான் பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம்." பாமா, "ஓம் அக்கா" என்றாள். மூன்று வருடம் கழித்து பதிவுப் படிவம் வந்தபோது கிருசாந்தி வழக்கம்போல எழுதினாள். அன்றைக்கு அது உண்மையா பொய்யா என்று யோசிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை அவள் திருமதி ஃபோக்ட்டின் அறைக்குப் போனாள். ஃபோக்ட் கெட்ட மனிசி அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் மனதில் வைத்திருப்பார்.

"அந்தப் படிவத்தில் உள்ளது பிழை. அவர்கள் தமிழர்கள். அதை எழுதியது நான்" என்றாள் கிருசாந்தி.

ஃபோக்ட் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

"ஓம். இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கான முறையில் மறுபடி சோதிக்க வேண்டும். தமிழிலும்."

"சரி. பிள்ளைக்குத் தமிழ் எவ்வளவு தெரியும்?"

"தெரியாது" என்றாள். "பெற்றோர் அவளோடு தமிழ் பேசுவதில்லை. ஜேர்மன்தான் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஜேர்மன்."

"அப்படியென்றால்," ஃபோக்ட் மெதுவாகச் சொன்னார், "படிவத்தில் இருப்பது சரிதானே?"

ஃபோக்ட் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. சோதித்த ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, தமிழில் சோதிக்கப் பிள்ளைக்குத் தமிழ் இல்லை, காரணம் எதுவாக இருந்தாலும் இன்றைய நிலை அதேதான், முடிவை மாற்ற இடமில்லை. நான்கு வரி, மரியாதையான கடிதம். பிழை கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கிருசாந்தி பாமாவின் வீட்டுக்குப் போனாள். அதுவரை கோப்புறைகள்தான் அவளிடம் வந்திருக்கின்றன. அவள் ஒரு படிவத்துக்காக ஒரு வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. வேணுஜா கதவைத் திறந்து, "ஹலோ" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. சத்தம் பல்கனியிலிருந்து வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாமா, வீட்டு உடுப்புக்கு மேலே குளிர்க்கோட்டு, காதில் போன். "அடி, கலியாண வீட்டில அவவின்ர சீலையைப் பாக்கோணும் நீ! கேக்கை விடப் பெரிய பிளீட்ஸ். திரும்பின உடன ஒரு இழுவை, கேக் பொம்மையோட சேத்து நிலத்தில. மாப்பிள்ளையின்ர தாய், ஐயோ மூண்டு தட்டு எண்டு அழுறா, இவ சொல்லுறா, சீலை பழுதாகேல்ல எண்டு!" பாமா சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது.

உள்ளே நின்ற வேணுஜா தாயைக் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், சத்தத்தைக் குறைத்துவிட்ட தொலைக்காட்சியைப் பார்க்கிற மாதிரி.

கிருசாந்தியைக் கண்டதும் பாமா போனை வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். "வாங்கோ அக்கா, வாங்கோ! கனடாத் தங்கச்சி. தொடங்கினா விடமாட்டாள்."

"இந்தக் குளிருக்க ஏன் வெளியில நிண்டு கதைக்கிறீர்?"

"பிள்ளை வீட்டுக்க இருக்கிறாளல்லோ. தமிழ் காதில விழக்கூடாதெண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே."

"எப்ப இருந்து?"

"அண்டையில இருந்துதான்." பாமா கோட்டைக் கழற்றினாள். "முதல் வருசம் மாரியில காய்ச்சலும் வந்தது. பேந்து பழகிட்டுது. அவரும் அப்பிடித்தான், அவர் காருக்குள்ள போய்க் கதைப்பார்."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். அந்தக் குரல் வேறாக இருந்தது, கட்டையாக, சாப்பாட்டுக் கூடத்தில் சக வேலைக்காரருக்குச் சொல்கிற குரல். ஜேர்மனில் மேசை என்றாள், ஜூஸ் என்றாள், மெதுவாக என்றாள். மூன்று சொல்லும் நீட்டிய ஒரு விரலும். வேணுஜா ஜூஸை எடுத்துக்கொண்டு போய் மேசையில் இருந்தாள். கேக் விழுந்த கதையின் கடைசிச் சிரிப்பு இன்னும் பாமாவின் முகத்தில் இருந்தது. ஆனால் அது மகளுக்குப் போகவில்லை.

கிருசாந்தி சொல்ல வந்ததைச் சொன்னாள். கின்டர்கார்ட்டனில் அந்தப் பெண் சொன்னது என்ன, தான் கூட்டிச் சொன்னது என்ன, படிவத்தில் எழுதியது என்ன, அறிக்கை அதை வைத்து என்ன முடிவுக்கு வந்திருக்கிறது, எல்லாம். ஒரு பிள்ளையின் முன்னால் பிழை ஒத்துக்கொள்ளும் ஆசிரியை மாதிரி நேராகச் சொன்னாள்.

பாமா நடுவில் மறித்தாள். "விடுங்கோ அக்கா. நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள். ஆர் எங்களுக்கு வந்து இவ்வளவு செய்வினம்?" எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். சீனிப் போத்தலைத் திறந்தாள், மூடினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப நான் அவளோட கதைச்சிருக்கலாமோ அக்கா?"

"ஓம்."

"தமிழில?"

"ஓம், பாமா."

பாமா கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். தண்ணீர் கொதித்து, தானாக நின்றுவிட்டது.

ஐங்கரன் நான்கு மணிக்கு எழுந்து வந்தான். விடியற்காலை வேலைக்காரன், பின்னேரம்தான் அவனுக்கு நித்திரை. கிருசாந்தியைக் கண்டதும் உள்ளே போய் சேர்ட் ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அண்டைக்கும் நீங்கள்தான் ரீச்சர் சொன்னனீங்கள், இண்டைக்கும் நீங்கள்தான் சொல்லுறியள்" என்றான். கோபம் இல்லை. எந்த மேடையில் ரயில் வரும் என்று கேட்கிற மாதிரித்தான் இருந்தது. "ரெண்டில எதை நாங்கள் பிடிக்கிறது?"

"இதை" என்றாள். அவள் எதிர்பார்த்த உறுதி அந்தச் சொல்லில் இருக்கவில்லை.

அவன் அலமாரியிலிருந்து கோப்புறையை எடுத்து வந்தான். படிவத்தை அவள் முன்னால் வைத்து, பேனாவை மேலே வைத்தான். "செவ்வாய்க்கிழமை கடைசி நாள். எது நல்லமெண்டு பாத்து நீங்களே போடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

கிருசாந்தி பேனாவைத் தொடவில்லை. இரண்டு கட்டம். ஒன்றில் இந்தப் பாடசாலை, வாரத்துக்கு இரண்டு மணிநேர உதவி. அந்த உதவி ஆசிரியை மூன்று பாடசாலைகளுக்குப் பொது, போன மாதம் நான்கு தரம் வரவில்லை. மற்றதில் விசேட பாடசாலை, எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பு, பேச்சுப் பயிற்சி ஒவ்வொரு நாளும் உண்டு. ஆனால் அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததை அவள் இத்தனை வருடத்தில் ஒரு தரம்தான் கண்டிருக்கிறாள். இரண்டையும் அப்படியே சொன்னாள்.

"அப்ப எது ரீச்சர்?"

"எனக்குத் தெரியேல்ல, ஐங்கரன்."

அவன் அவளைப் பார்த்தான். பாமாவைப் பார்த்தான். "ரீச்சருக்கே தெரியேல்லையெண்டால் களஞ்சியத்தில பெட்டி தூக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" சிரிக்கப் பார்த்தான்.

"உங்கட பிள்ளை. நீங்கள்தான் போடோணும். ஒருக்கா என்ர கையால எழுதித்தான் இவ்வளவும்."

வேணுஜா மேசையின் மறுபக்கத்தில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த நிறத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாடசாலைக்கு பஸ் வருமாமே?" ஐங்கரன் கேட்டான்.

"ஓம். சின்ன பஸ்."

"வாசலுக்கோ?"

"வாசலுக்கு. ஏழு பத்துக்கு."

அவன் பாமாவைப் பார்த்தான். பாமாவுக்கு வேலை ஏழே முக்காலுக்கு. பாடசாலைக் கதவு திறப்பதும் ஏறக்குறைய அதே நேரம். ஒவ்வொரு நாளும் மகளை விட்டுவிட்டு ஓடி, ஒவ்வொரு நாளும் பிந்தி, இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் பதில் எழுதிக் கொடுத்ததும் கிருசாந்திதான். மூன்றாவது வந்தால் வேலை போகும்.

"ஏழு பத்து நல்ல நேரம்" என்றாள் பாமா, ஒருவரையும் பாராமல்.

பதினாலு பக்க அறிக்கையோ, மென்சா சொன்னதோ, கிருசாந்தி இரண்டு வாரம் நித்திரையில்லாமல் யோசித்ததோ அந்த மேசையில் ஒன்றையும் அசைக்கவில்லை. பஸ் அசைத்தது. ஐங்கரன் இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டான். கை பழக்கமில்லாததால் கோடு கட்டத்துக்கு வெளியே போனது. கிருசாந்தி மறிக்க வாய் திறந்தாள். மறித்து என்ன சொல்வது? காலையில் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்று அவன் திருப்பிக் கேட்பான்.

அவன் பேனாவைக் கீழே இறக்கிக்கொண்டு போனான். பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் தானே எழுதினான், ஒவ்வொன்றாக, மெதுவாக. பிறகு நின்றான்.

"வீட்டில் பேசும் மொழி" என்று வாசித்தான். "இதில என்ன ரீச்சர் எழுதுறது?"

கிருசாந்தி பதில் சொல்லுமுன் பாமா சொன்னாள், கொஞ்சம் உரக்க: "தமிழ் எண்டு போடுங்கோ. தமிழ்!"

அந்த ஒரு சொல் வேணுஜாவுக்கு விளங்கியது. பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குத்தான் தமிழ் தெரியாதே, மம்மி" என்றாள், ஜேர்மனில், மெல்லிய குரலில். அவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமான ஒரு வசனத்தைக் கிருசாந்தி கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐங்கரன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே கையெழுத்து வைத்தான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாமா கோப்புறையோடு வந்தாள். டப்பாவில் கடலை வடை. முன்னால் இரண்டு பேர் இருந்ததால் குசினி வாசலில் நின்றாள். மதீசன் தன் கதிரையைக் கொடுத்தான்.

கடிதம் விசேட பாடசாலையிலிருந்து வந்தது. பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஓகஸ்ட்டில் தொடக்கம், பஸ் இலக்கம் இது. அடியில் பிள்ளையின் விபரங்கள் கணினியில் அச்சடித்து இருந்தன. பெயர், முகவரி, பிறந்த திகதி. வீட்டில் பேசும் மொழி: ஜேர்மன். வெறுமையாகப் போன இடத்தைப் பழைய பதிவிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார்கள்.

கிருசாந்தி அதை விரலால் காட்டினாள்.

"கண்டனான் அக்கா. மாத்தச் சொல்லி எழுதேலுமோ?"

"எழுதலாம். நான் எழுதுறன்." கொஞ்சம் பொறுத்து, "எழுதி என்ன வரப்போகுதோ தெரியாது" என்றாள்.

"பரவாயில்லை. எழுதுங்கோ." பாமா வடை டப்பாவின் மூடியைத் திறந்தாள். "நான் இப்ப அவளோட தமிழ்தான் கதைக்கிறன். வேலையால வந்த உடன தொடங்கிடுவன். கேக் விழுந்த கதையும் சொன்னனான்."

"என்ன சொல்லுறாள்?"

"நான் வாயைத் திறக்க, அவள் எழும்பிப் பல்கனிக்குப் போயிடுறாள்." பாமா சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றது. "கதவையும் சாத்திப்போடுவாள். நான் இங்கால நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பன்."

வாசலில் அடுத்த ஆள் கோப்புறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிருசாந்தி வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, மேலே திகதியைப் போட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டாள். பேனாவைப் பாமாவின் பக்கம் தள்ளினாள்.

"நீர் எழுதும். நான் சொல்லித்தாறன்."

"எனக்கு டொச் எழுத வராது அக்கா" என்றாள் பாமா.

பேனா இருவருக்கும் நடுவில் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிருசாந்தி அதை எடுத்து எழுதத் தொடங்கினாள்.